தலை குனிந்து நிற்கும் நாய் தப்பு செய்த நாயா?

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடைக்காலக் காலை. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தக்காளி நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நடந்தேன். நான்கு பாத்திகளில் சொட்டுநீர்க் குழாய் கடிபட்டுத் தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் சுகமாகப் படுத்துக் கிடந்தது மணி. எட்டு மாதக் குட்டி. பல் முளைத்த வயதில் செருப்பு, கயிறு, விளக்குமாறு என்று எதையும் விட்டுவைக்காத நாய்.

"மணி!" என்று கத்தினேன். காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னால் வந்த அப்பா சொன்னார், "பாருடா, பண்ணுன தப்பு அதுக்கே தெரியுது." கையில் இருந்த குழாய்த் துண்டால் நான்கு அடி வைத்தேன். அன்றே அதைத் திண்ணைத் தூணில் கட்டியும் போட்டோம்.

பத்தாம் நாள் மதியம் அதே பாத்தியில் மீண்டும் தண்ணீர் பீச்சியது. மணி திண்ணையில் கட்டிக் கிடந்தது. குழாயின் மேல் இரண்டு அணில்கள் உட்கார்ந்து, கொறித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

நான் உழவியல் படித்தவன். இலை மஞ்சளானதைப் பார்த்ததும் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறையா, வேரழுகலா, நீர் தேங்கியதா என்று முதலில் பாருங்கள் என்று உங்களிடம் ஓயாமல் சொல்பவன். அறிகுறியை வைத்துக் காரணத்தை முடிவு செய்யக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை என் வீட்டு நாயிடம் நான் மறந்துபோனேன். அதற்குப் பிறகுதான் நாயின் அறிவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். தோட்டத்திலும் பட்டியிலும் நாய் வைத்திருக்கும் உங்களுக்கு அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

குற்ற உணர்ச்சியா, பயமா?

நியூயார்க்கில் பணியாற்றும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 14 வளர்ப்பு நாய்களை எடுத்துக்கொண்டார். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர் அவரிடம் சொல்வார். சில முறை உண்மையைச் சொன்னார். சில முறை தின்னாத நாயையும் தின்றதாகச் சொன்னார். அதை நம்பிய வளர்ப்பவர் நாயைத் திட்டினார்.

திட்டு வாங்கிய நாய்கள் தலை குனிந்தன, காதை மடக்கின, கண்ணைத் தவிர்த்தன. தின்ற நாயா, தின்னாத நாயா என்பதில் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால், தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது, நம் குரலையும் முகத்தையும் பார்த்து நாய் காட்டும் பணிவு. "கோபப்படாதே, நான் உனக்கு எதிரி இல்லை" என்று அது தன் உடம்பால் சொல்கிறது.

மணி எனக்குச் சொன்னதும் அதுதான். நான்தான் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

மனிதரைப் போல நடத்துவது

நகரத்தில் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள், சட்டை போடுகிறார்கள், தள்ளுவண்டியில் வைத்து உலாத்துகிறார்கள் என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நாமும் வேறு விதத்தில் நாயை மனிதராகத்தான் நடத்துகிறோம். "நேற்றே சொன்னேனே, புத்தி வேண்டாமா?" என்று கேட்கிறோம். "பழிவாங்குது" என்கிறோம். காலையில் செய்த காரியத்துக்கு மாலையில் அடிக்கிறோம். காய்ச்சல் என்றால் நாம் போடும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறோம்.

பிள்ளை போலப் பாசம் வைப்பதில் தவறு ஏதும் இல்லை. பிள்ளைக்கு இருக்கும் அறிவும் உடம்பும் நாய்க்கும் இருக்கின்றன என்று எண்ணும்போதுதான் அது அடிபடுகிறது, நோயில் விழுகிறது, சில நேரம் செத்தும் போகிறது.

நாயின் அறிவு எங்கே இருக்கிறது?

நாய் முட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. சில விஷயங்களில் அதன் அறிவு வியக்க வைக்கிறது.

ஒரு பொருளை விரலால் சுட்டிக் காட்டினால், அது எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்வது பெரிய திறமை. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சி குரங்குக்கே இது எளிதில் வராது. பிரையன் ஹேர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரின் சைகையைப் படிப்பதில் நாய்கள் சிம்பன்சிகளையும் ஓநாய்களையும் மிஞ்சின. அதிகம் பழகாத சிறு குட்டிகளுக்கும் இந்தத் திறமை இருந்தது. நம் நாட்டிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர், யாரும் பழக்காத தெருநாய்களிடம் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். துணிந்து அருகில் வந்த நாய்களில் பெரும்பாலானவை கை காட்டிய கிண்ணத்தை நோக்கியே போயின. நம் ஊர்த் தெருநாயும் நம் கையைப் படிக்கிறது.

சொற்களையும் நாய் கற்கும். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். இதற்காகத் தினமும் பல மணி நேரம் பயிற்சி தந்தார். அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எல்லா நாயும் சேசர் ஆகாது. நாய்களின் அறிவைப் பற்றி நெடுங்காலம் எழுதிவரும் ஸ்டான்லி கோரன், சராசரி நாய் சுமார் 165 சொற்களையும் சைகைகளையும் புரிந்துகொள்ளும் என்கிறார். ஏறக்குறைய இரண்டு வயதுக் குழந்தையின் அளவு.

குரலின் தொனியும் முக்கியம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்க 13 நாய்களைப் பழக்கி, பேச்சைக் கேட்கும்போது அவற்றின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு இது: பாராட்டும் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னால்தான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக வேலை செய்தது. சிடுசிடுத்த குரலில் "நல்ல பிள்ளை" என்றால் நாய்க்கு அது பாராட்டு ஆகாது.

இன்னொன்றையும் கோரன் சொல்கிறார். சொன்னதைக் கேட்பது நாயின் அறிவில் ஒரு பகுதிதான். பிறவியிலேயே வந்த தொழிலறிவு ஒன்று உண்டு. தானாகச் சூழலைப் பார்த்துக் கற்கும் அறிவு ஒன்று உண்டு. நம் சிப்பிப்பாறை கண்ணால் கண்டதை விரட்டிப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர் போனவை. "உட்கார்" என்றதும் அவை உட்காரவில்லை என்பதற்காக மந்தம் என்று சொல்வது, நெல்லைப் பார்த்து ஏன் புளியமரம் போல வறட்சி தாங்கவில்லை என்று கேட்பது போன்றது.

நாய்க்கு எது வராது? நடந்து முடிந்த ஒரு காரியத்தையும் வெகுநேரம் கழித்து விழும் அடியையும் அதனால் இணைத்துப் பார்க்க முடியாது. காலையில் கோழியைப் பிடித்த நாயை மாலையில் அடித்தால், "நீ வீட்டுக்கு வரும்போது அடி விழும்" என்றுதான் அது கற்கும்.

பழக்குவது எப்படி?

இந்த அறிவைத் தெரிந்துகொண்டால் பழக்குவது எளிது.

நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். ஒரு வாய்த் தீனி கொடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பயன் போய்விடும். ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வையுங்கள். நீங்கள் "வா" என்றும், மனைவி "இங்க வாடா" என்றும், பையன் "கம்" என்றும் அழைத்தால் அது குழம்பும். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். சொல்லோடு கைச்சைகையும் சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தப்பு செய்யும்போது கையும் களவுமாகப் பார்த்தால், ஒரு கடுமையான குரல் போதும். பார்க்காமல் போனதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருபோதும் அடிக்காதீர்கள். அவசரத்தில் அதை உங்களிடம் வரவைக்க இருக்கும் ஒரே சொல் அந்தப் பெயர்தான்.

ஆட்டுப்பட்டிக்கு நாய் வளர்ப்பவர்கள் குட்டியின் வயதைக் கவனியுங்கள். பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு பழகுகிறதோ, அவர்களைத்தான் குட்டி தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியினர் 1970-களில் தொடங்கிய திட்டத்தில், காவல் நாய்க்குட்டிகளைச் சிறு வயதிலேயே செம்மறி ஆடுகளோடு வளர்த்தார்கள். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1994 முதல் இப்படி வளர்த்த துருக்கி நாட்டு நாய்களை ஆட்டு விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆடுகள் பிழைத்தன, விவசாயிகளின் துப்பாக்கியிலிருந்து சிவிங்கிப்புலிகளும் பிழைத்தன. உங்கள் குட்டியையும் ஆடுகளின் வாசத்தில், பெரியவர் யாராவது கண்காணிக்க, வளரவிடுங்கள். ஆட்டுக்குட்டியை விரட்டி விளையாடத் தொடங்கினால் முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

தட்டில் என்ன வைக்கலாம்?

உழவுக்கும் நாய்க்கும் உள்ள உறவு அதன் வயிற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013-இல் ஓர் உண்மையைச் சொன்னார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளில் இருக்கிறது. மனிதன் தானியம் விளைவித்தான். மிச்சம் கிடைத்த கஞ்சியில் நாய் பிழைத்தது. எனவே சோறும் கம்பங்களியும் நாய்க்கு ஆகாதவை அல்ல. அதோடு முட்டை, இறைச்சி, மீன் என்று புரதமும் வேண்டும்.

ஆனால் நம் சாப்பாடு முழுவதும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சாம்பார், குருமாவில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு பெரிய வெங்காயமே தீங்கு செய்யலாம். வேக வைத்தாலும் நஞ்சு போகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகள் நாய்க்கு விஷம். ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தையும் மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் அளவு தெரியாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். எலி மருந்து வைக்கும் இரவில் நாயைக் கட்டிப்போடுங்கள். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதையுங்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. கோடையில் நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது அதைக் கொல்லும்.

நாய், மாடு, மனிதர்

தோட்டத்து நாயின் உடல்நலம் உங்கள் கால்நடைகளின் நலமும்தான். ஆடு அறுத்த இடத்தில் நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசினால், அதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை நாயின் மலம் வழியாக மேய்ச்சலில் கலந்து ஆட்டுக்கும், கைவழியாக மனிதருக்கும் வந்து மீண்டும் நீர்க்கட்டி ஆகும். நாயிடமிருந்து பரவும் இன்னொரு நாடாப்புழு ஆட்டின் மூளையில் கட்டியாக வளர்ந்து, ஆட்டை ஒரே பக்கமாகச் சுற்ற வைக்கும். மாடு கன்று வீசினால், அந்தக் கருவையும் நஞ்சுக்கொடியையும் நாய் தின்ன விடக் கூடாது. நாயின் மலம் தீவனத்தில் கலந்து, மற்ற மாடுகளையும் கன்று வீச வைக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று உண்டு. கருவை ஆழப் புதையுங்கள். தீவனத்தை மூடி வையுங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது வெறிநோய். அறிகுறி வந்துவிட்டால் நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. ஆனால் தடுக்க முடியும். குட்டிக்கு மூன்றாம் மாதம் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தில் நக்கினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். சொன்ன நாள்களில் தவறாமல் முடியுங்கள். மாட்டை நாய் கடித்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மணிக்கு நேர்ந்தது

அணில்களைப் பார்த்த அன்றே மணியை அவிழ்த்துவிட்டேன். ஆனால் அது அதன்பின் என் கைக்கு வரவே இல்லை. பெயரைச் சொன்னால் பத்தடி தள்ளி நிற்கும். சோற்றை வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்த பிறகுதான் வந்து தின்னும். மூன்றாம் மாதமே போட்டிருக்க வேண்டிய வெறிநோய் ஊசியை, "அடுத்த முகாமில் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டிருந்தோம். ஊருக்கு முகாம் வந்தபோது அதைப் பிடிக்க முடியவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட அது ஓடியது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வெறிநாய் ஒன்று புகுந்தது. மணியைக் கழுத்தில் கடித்தது. அப்போதும் அதைப் பிடித்துக் காயத்தைக் கழுவவோ மருத்துவரிடம் கொண்டுபோகவோ முடியவில்லை. ஒரு மாதம் கழித்து மணிக்கு வாயில் நுரை தள்ளியது, குரல் மாறியது. நான்காம் நாள் வாய்க்கால் மேட்டில் செத்துக் கிடந்தது. அதன் எச்சில் பட்டிருக்கலாம் என்று வீட்டில் ஐந்து பேரும் ஊசி போட்டுக்கொண்டோம். அப்பா கடைசி ஊசி போட்டுத் திரும்பிய நாளில், "அது தப்பே பண்ணலியேடா" என்று மட்டும் சொன்னார்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. தன் நாய் எப்படிப்பட்டது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் நம் முன்னோர்.

இப்போது எங்கள் தோட்டத்தில் செவலை என்ற நாய் இருக்கிறது. ஐந்து வயது ஆகிறது. எங்கிருந்து கூப்பிட்டாலும் ஓடி வரும். சொட்டுநீர்க் குழாய் இன்றும் அவ்வப்போது கடிபடுகிறது. அணிலுக்குக் குடிக்க வரப்பில் மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டு நாயின் ஊசிச் சீட்டை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால், தடவிக்கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வரவில்லை என்றால், பயத்தைப் போக்கி மீண்டும் பழக்கும் வேலையை நாளையிலிருந்தே தொடங்குங்கள். கையில் கொஞ்சம் தீனியும் நல்ல குரலும் இருந்தால் போதும். கால்நடை மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். பிடிக்க முடியாத நாய்க்கு ஊசி போடவும் அவரிடம் வழி உண்டு.